வெயிலே விழாத விறாந்தையில் ஹவோர்தியா வளருமா?

ஆசைப்பட்டு ஹவோர்தியா என்ற சின்னச் சதைப்பற்றுச் செடி ஒன்று வாங்கினேன், விறாந்தையில் வெயிலே விழாது, எல்லோரும் "கள்ளி இனம்தானே, மொட்டைமாடியில் வை" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்காதீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள்.

நீங்களும் என்னைப் போல மதிலும் மாமரமும் வெளிச்சத்தை மறிக்கிற வாடகை வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தச் செடிக்கு அது நல்லது. தென்னாப்பிரிக்காவில் இது புதருக்கு அடியிலும் பாறை இடுக்கிலும் ஒதுங்கி வளர்வது. கள்ளியே இல்லை, கற்றாழைக்குத்தான் சொந்தம்.

எனக்குத் திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். கச்சான் காற்று தொடங்கினால் முற்றத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அப்படி ஒரு வைகாசியில் நான் மட்டக்களப்புக்குப் போயிருந்த நேரம், வீட்டில் நின்ற மச்சாள் நல்லது செய்வதாக நினைத்து என் சாடியைத் தூக்கிக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டார். வந்து பார்த்தால் இலையெல்லாம் செம்பு நிறம், நுனி வற்றிச் சுருங்கிக் கிடக்கிறது. "இதெல்லாம் நுவரெலியாவில்தான் வளரும், எறிந்துவிடு" என்று மாமி சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. நான் எறியவில்லை. கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு உள்ளே வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விட்டேன். மாரி தொடங்கும்போது நடுவிலிருந்து பச்சை வந்தது. இப்போது சாடி நிறையக் குட்டிகள்.

என்னுடையது கூப்பரி வகை. இலை நுனி தோல் உரித்த திராட்சை போல ஒளி ஊடுருவும், காலை வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் உள்ளே ஓடும் பச்சைக் கோடுகள் தெரியும். அது அழகுக்காக மட்டும் இல்லை. சொந்த மண்ணில் வறட்சி வந்தால் வேர் சுருங்கிச் செடியையே மண்ணுக்குள் இழுத்துவிடும். நுனி மட்டும் வெளியே நிற்கும், அதன் வழியாக வெளிச்சம் உள்ளே இறங்க, புதைந்த இலை உணவு தயாரிக்கும். இப்படிப்பட்ட ஒன்றைக் கொண்டுபோய் உச்சி வெயிலில் வைக்க எப்படி மனம் வரும்?

"நான் வெயிலில்தான் வளர்க்கிறேன்" என்று எழுத வருபவர்களுக்கு: வளர்க்கலாம், காலை இளவெயில் கொஞ்சம் பட்டால் நல்லதுதான். மலைநாட்டு வெயில் வேறு, எங்கள் ஊர் வெயில் வேறு. முழு இருட்டும் ஆகாது, இலை மெலிந்து நீண்டுவிடும். நான் தாவரவியல் படித்தவள் இல்லை, வளர்த்துப் பார்த்ததைச் சொல்கிறேன்.

மண்ணுக்கு ஆற்று மணலும் ஓட்டுத் துண்டும் நிறையக் கலவுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். இரவும் புழுங்குகிற மாதங்களில் அது வளராமல் அப்படியே நிற்கும், பாவம் என்று தண்ணீரை ஊற்றினால் வேர் அழுகும்.

அப்புறம், பூக்கும். மெல்லிய தண்டில் சின்ன வெள்ளைப் பூ. போன முறை வந்த தண்டை இரவில் மதிலோரம் வைத்திருந்தபோது மான் கடித்துவிட்டது. எங்கள் ஊரில் மான்கள் தெருவிலேயே திரியும், அதற்கு நான் கோபப்படவில்லை. கோட்டைப் பக்கம் சுற்றிப்பார்க்க வருபவர்கள் சோற்றுப் பார்சலைப் பொலித்தீனோடு எறிந்துவிட்டுப் போவதுதான் தாங்கவில்லை. அந்த மான்கள் உப்புச் சுவைக்குப் பொலித்தீனையும் சேர்த்து மெல்லுகின்றன. கோயிலுக்கு வருகிறவர்களும் இதைச் செய்கிறார்கள். ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுபோக என்ன கஷ்டம்?

சரி, உங்கள் செடி. குட்டி வந்தால் வேரோடு பிரித்து, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். உடனே தண்ணீர் விடாதீர்கள். திருகோணமலைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், என்னிடமும் குட்டி இருக்கிறது, தருகிறேன்.