தம்புரா போட்டவர் பெயர் என்ன?

கேள்வி: பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேலின் ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் வரிகளும் உள்ள இசைத்தாள்) வைத்து ஆர்க்கெஸ்ட்ரேஷன், அதாவது இசையை வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் கலை, படிக்கிறேன். மெட்டு எங்கே போகிறது என்று தெரிகிறது. பின்னணியில் மற்ற வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்பதுதான் பிடிபடவில்லை. எப்படிப் படிப்பது?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: ‘பின்னணி’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சொல்லோடு எனக்குப் பல வருடத் தகராறு. நம் ஊரில் பாட்டைப் பாடியவரே ‘பின்னணி’ப் பாடகர். படம் முழுக்க நம் நெஞ்சைப் பிடித்து வைத்திருப்பது ‘பின்னணி’ இசை. கச்சேரியில் இரண்டரை மணி நேரம் பாடகருக்கு ஈடுகொடுத்து வாசிப்பவர் ‘பக்க’வாத்தியம். அவருக்காவது அழைப்பிதழில் சின்ன எழுத்தில் பெயர் உண்டு. தம்புரா போடுகிறவருக்கு அதுவும் கிடையாது.

போன மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பாடகருக்குப் பின்னால் தம்புராவோடு ஒரு இளம்பெண். காம்போதி ஆலாபனை மேலே மேலே போனபோது அரங்கமே பாடகரைப் பார்த்தது. நான் அந்தப் பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்று தந்திகளுக்கும் ஆள்காட்டி விரல். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கைதட்டல் எழுந்தபோதுகூட மீட்டுவது நிற்கவில்லை. கடைசியில் மைக்செட்காரர் வரை எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள், அவர் பெயர் மட்டும் வரவில்லை. போய்க் கேட்டேன். “தம்புராதானே சார்” என்றார்கள். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் ஸ்கோருக்கு வருகிறேன். அதிலும் ஒரு தம்புரா இருக்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-ல் இதைப் பியானோவுக்குத்தான் எழுதினார். முந்தைய வருடம் இறந்துபோன நண்பர் ஹார்ட்மானின் படங்களைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து எழுதியது. 1922-ல்தான் ராவேல் அதை ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பிரித்தார். அதில் ‘பழைய கோட்டை’ பகுதியை எடுங்கள். அந்த மெட்டை ஆல்டோ சாக்ஸபோனுக்குக் கொடுத்தார் என்பதை எல்லோரும் சிலாகிப்பார்கள். சிலாகிக்க வேண்டியதுதான். ஆனால் நீங்கள் அதை விட்டுவிட்டு அடியில் பாருங்கள். ஜி ஷார்ப் என்ற ஒரே சுரம், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. அதுதான் நான் சொன்ன தம்புரா. பியானோவில் இடது கை அதை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் தட்டிய சுரம் உடனே தேய ஆரம்பித்துவிடும். ஊதுகிற வாத்தியத்துக்கும் வில் போடுகிற வாத்தியத்துக்கும் அந்தக் கவலை இல்லை. அந்த ஜி ஷார்ப்பைக் கீழ்ஸ்தாயி வாத்தியங்களிடம் ராவேல் எப்படிக் கைமாற்றுகிறார் என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். மெட்டைக் கேட்காதீர்கள், அந்தக் கோட்டை மட்டும் கேளுங்கள். இரண்டு நாளில் காது திறந்துகொள்ளும்.

அப்புறம், பியானோ பிரதியும் பக்கத்தில் இருக்க வேண்டும். ராவேலைப் பார்ப்பதற்கு முன்னால் எட்டு பார்களை (தாளக் கட்டங்களை) நீங்களே வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, அதற்கப்புறம் ராவேலின் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு முடிவும் உறைக்கும். சாக்ஸபோன் வரியில் மட்டும் ஜாக்கிரதை. தாளில் ஸி என்று இருந்தால் காதில் விழுவது அதற்குக் கீழே உள்ள ஈ பிளாட்.

பியானோ பிரதி வாங்கும்போது முசோர்க்ஸ்கியின் கையெழுத்துப் பிரதியை ஒட்டிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டுவண்டிப் பகுதியை அவர் எடுத்த எடுப்பில் முழு பலத்தோடு ஆரம்பித்திருந்தார். 1886-ல் பதிப்பித்த ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதை மெதுவாகத் தொடங்கும்படி மாற்றிவிட்டார். ராவேல் கையில் இருந்தது அந்தப் பதிப்புதான். அதனால்தான் டியூபா என்ற பித்தளை ஊதுவாத்தியம் தூரத்திலிருந்து வருகிற வண்டி மாதிரி மெல்ல ஆரம்பிக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் எழுதியவர் உயிரோடு இல்லாதபோது இன்னொருவர் பேனா அங்கே போயிருக்கக் கூடாது. பத்திரிகை ஆசிரியனாக நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, சென்னை சபாக்காரர்களுக்கு: வருகிற மார்கழிக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது தம்புரா கலைஞரின் பெயரையும் போட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் கச்சேரி அறிவிப்பை இந்தப் பத்திரிகையில் கட்டணமில்லாமல் வெளியிடுகிறேன்.