நேரடி எழுத்தும் காணாமல் போன பதிவுகளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். சோதனை மேசைகளிலிருந்து வினாடிக்குச் சுமார் 600 பதிவுகள் வருகின்றன. ஒவ்வொன்றும் 1,000 பைட். நான்கு பதிவுகளை 4,096 பைட்டுக்குள் அடைத்து, லினக்ஸ் கணினியில் ஃபைல் சிஸ்டம் எதுவும் போடாத ஒரு பார்ட்டிஷனில் நேராக எழுதும் சி நிரல் ஒன்றை எழுதினேன். திடீரென்று கரன்ட் போனாலும் பதிவுகள் தப்ப வேண்டும் என்பது மேலாளரின் நிபந்தனை. ஓ_டைரக்ட் போட்டுத் திறந்தால் கெர்னலின் கேஷைத் தாண்டி நேரே டிஸ்க்குக்குப் போய்விடும், அப்புறம் பயமில்லை என்றார் எங்கள் மூத்த பொறியாளர்.

என் மடிக்கணினியின் என்விஎம்இ டிஸ்க்கில் ஓடிய நிரல், சோதனைக் கணினியின் 7,200 சுற்று சாட்டா ஹார்ட் டிஸ்க்கில் 'இன்வேலிட் ஆர்கியூமென்ட்' என்று சொல்லி நின்றுவிட்டது. மாலாக் (நினைவகம் ஒதுக்கும் சி சார்பு) மூலம் எடுத்த பஃபரை ஒரு பொது அணியாக மாற்றியதும் ஓடியது. ஏன் என்று புரியவில்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். எழுதி முடிந்ததாக நிரல் சொன்ன கடைசிப் பதிவுகள் டிஸ்க்கில் இல்லை. ஒவ்வொன்றும் டிஸ்க்கில் பதியும்வரை காத்திருக்கச் சொல்லும் ஓ_சிங்க் கொடியையும் சேர்த்தேன். வேகம் வினாடிக்கு 450 கிலோபைட்டாக விழுந்துவிட்டது, வரும் பதிவுகள் தேங்குகின்றன. இதற்கிடையில் டிஸ்க்கின் பைட்டுகளைக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சில நேரம் பழைய பதிவுகளே தெரிகின்றன. என்னிடம் உள்ள பழைய புத்தகம் /டெவ்/ரா/ரா1 வழியாக எழுதச் சொல்கிறது. அப்படி ஒன்று என் கணினியில் இல்லவே இல்லை. எங்கே தவறுகிறேன்?

பாயான் பாருவிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். உங்கள் மூத்த பொறியாளர் சொன்னதில் முதல் பாதி சரி: ஓ_டைரக்ட் போட்டால் பேஜ் கேஷ் (டிஸ்க் தரவைக் கெர்னல் நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) விலகிக்கொள்ளும். 'அப்புறம் பயமில்லை' என்ற இரண்டாம் பாதிதான் உங்களை அலைக்கழிக்கிறது. எந்த முகவரியில் இருக்கும் பஃபரையும் ஏற்றுக்கொள்வது, சின்னச் சின்னதாக எழுதுபவற்றைச் சேர்த்துப் பெரிதாக அனுப்புவது, படிப்பவர் எல்லாருக்கும் ஒரே தரவைக் காட்டுவது என்று பேஜ் கேஷ் பல வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துவந்தது. அதை விலக்கியதும் அவ்வளவும் உங்கள் நிரலின் தலையில் வந்து விழுகிறது. கரன்ட் போனாலும் தரவைக் காப்பது அதன் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே அதை விலக்குவதால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவும் செய்யாது.

4,096 பைட் பிரைட் (pwrite, குறித்த இடத்தில் எழுதச் சொல்லும் அழைப்பு) ஒன்று போகும் வழியைப் பாருங்கள். கெர்னல் முதலில் மூன்றைச் சரிபார்க்கிறது: டிஸ்க்கில் எந்த இடம், எத்தனை பைட், நினைவகத்தில் எந்த முகவரி. மூன்றும் ஒழுங்காக இருந்தால் உங்கள் பஃபர் இருக்கும் நினைவகப் பக்கங்களை அசையாமல் பின் செய்கிறது. வேலை முடிவதற்குள் அந்தப் பக்கம் ஸ்வாப்புக்குப் போனாலோ வேறொருவருக்குப் போனாலோ டிஸ்க் கன்ட்ரோலர் தவறான தரவை எடுத்துவிடும். பிறகு அந்தப் பக்கங்களைச் சுட்டும் பயோ என்ற கட்டமைப்பு, கெர்னலில் டிஸ்க் வேலைகளைக் கவனிக்கும் பிளாக் லேயருக்குப் போகிறது. அங்கிருந்து டிரைவர் அதைச் சாட்டா கட்டளையாக்குகிறது. கன்ட்ரோலர் டிஎம்ஏ (சிபியு நகலெடுக்காமல் நினைவகத்தை நேரே அணுகும் முறை) மூலம் உங்கள் நினைவகத்திலிருந்தே தரவை இழுத்துக்கொள்கிறது. நடுவில் நகல் எதுவும் இல்லை. முடிந்ததும் இன்டரப்ட் வரும், பக்கங்கள் விடுபடும், தூங்கிக்கொண்டிருந்த உங்கள் நிரல் எழும்பும்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. 1975இல் வந்த ஆறாம் பதிப்பு யுனிக்ஸில் ஃபிஸ்ஐஓ என்ற சிறிய சார்பு இதையேதான் செய்தது. பஃபரின் முகவரியோ பைட் எண்ணிக்கையோ ஒற்றைப்படையாக இருந்தால் பிழை சொல்லித் திருப்பி அனுப்பும்; இல்லையென்றால் வேலை முடியும்வரை புராசஸை நினைவகத்திலேயே பூட்டி வைக்கும். உங்களுக்கு வந்த 'இன்வேலிட் ஆர்கியூமென்ட்' அந்தச் சோதனையின் இன்றைய வடிவம்.

இடமும் எண்ணிக்கையும் டிஸ்க்கின் லாஜிக்கல் செக்டர் (டிஸ்க் வெளியே காட்டும் மிகச் சிறிய துண்டு) அளவின் மடங்காக இருக்க வேண்டும் என்பது எப்போதும் உள்ள விதி. நினைவக முகவரிக்கும் அதே விதிதான் இருந்தது; லினக்ஸ் 6.0 அதைத் தளர்த்தி, சாதனத்தின் டிஎம்ஏவுக்கு எது தேவையோ அது போதும் என்றாக்கியது. என்விஎம்இ-க்கு 4 பைட் ஒழுங்கு (முகவரி 4இன் மடங்காக இருப்பது) போதும். சாட்டா டிஸ்க் இன்னும் செக்டர் அளவைக் கேட்கிறது. 64 பிட் கணினியில் மாலாக் உத்தரவாதம் தருவது 16 பைட் ஒழுங்குக்கு மட்டுமே. உங்கள் மடிக்கணினியில் ஓடியதற்கும் சோதனைக் கணினியில் நின்றதற்கும் காரணம் இதுதான். பொது அணியாக்கியதும் ஓடியது வெறும் அதிர்ஷ்டம். நிரலில் வேறொரு மாறியைச் சேர்த்தால் அணி நகர்ந்து மறுபடியும் விழலாம். போசிக்ஸ்_மெம்அலைன் மூலம் 4,096 ஒழுங்கில் பஃபர் எடுத்துக்கொள்ளுங்கள், விஷயம் தீர்ந்தது.

செக்டர் அளவு 512 பைட் என்றால் அந்த ஒழுங்கே போதாதா என்று கேட்பீர்கள். பிளாக்டெவ் கட்டளையில் கெட்எஸ்எஸ், கெட்பிபிஎஸ்இசட் என்ற இரண்டு தெரிவுகளையும் போட்டுப் பாருங்கள். முதலாவது 512, இரண்டாவது 4096 என்று வந்தால், டிஸ்க் வெளியே 512 பைட் செக்டர் காட்டிக்கொண்டு உள்ளே 4,096 பைட்டாக எழுதுகிறது. அதில் 512 மட்டும் எழுதினால் டிஸ்க் முழு 4,096-ஐயும் படித்து, திருத்தி, திரும்ப எழுதும். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனால், நீங்கள் தொடாத பக்கத்துச் செக்டர்களும் கெடலாம். நீங்கள் 4,096 ஆகவே எழுதுவது நல்லது. பார்ட்டிஷனின் தொடக்கச் செக்டர் எண் 8ஆல் வகுபடுகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2048இல் தொடங்கினால் கவலையில்லை.

காணாமல் போன பதிவுகளுக்கு வருவோம். டிஸ்க் 'முடிந்தது' என்று சொல்லும்போது தரவு அதன் சொந்த டிராமுக்குள் (டிஸ்க்கினுள் இருக்கும் தற்காலிக நினைவகம்) வந்திருக்கிறது, அவ்வளவே. தட்டில் பதியச் சிறிது நேரம் ஆகும். கரன்ட் போனால் டிராமில் இருந்தது போய்விடும். /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/கியூ/ரைட்_கேஷ் என்ற கோப்பில் (எஸ்டிபி உங்கள் டிஸ்க்கின் பெயர் என்று வைத்துக்கொள்கிறேன்) 'ரைட் பேக்' என்று இருந்தால் இந்த ஆபத்து உண்டு. டிஸ்க்கை அந்த டிராமைக் காலி செய்ய வைப்பது ஃப்ளஷ் கட்டளை. எஃப்டேட்டாசிங்க் அழைத்தால் கெர்னல் அதை அனுப்பும். ஓ_சிங்க், ஓ_டிசிங்க் கொடிகள் இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த வேலையைச் செய்யும். ஓ_டைரக்ட் மட்டும் இருந்தால் செய்யாது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கிடைக்கும் சாதாரண எஸ்எஸ்டி வாங்கி மாற்றினாலும் இந்தக் கதை பெரும்பாலும் மாறாது. சர்வர்களுக்கென்று விற்கும் எஸ்எஸ்டிகளில் கரன்ட் போனதும் டிராமைக் காலி செய்ய கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். மேசைக் கணினிக்கு விற்பதில் அநேகமாக அது இருக்காது.

ஓ_சிங்க் போட்டதும் வேகம் ஏன் 450 கிலோபைட்டில் நிற்கிறது? 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி. ஒரு 4,096 எழுதி, ஃப்ளஷ் முடியும்வரை காத்திருந்து, அடுத்ததை அனுப்புகிறீர்கள். அது டிஸ்க்குக்கு வந்துசேர்வதற்குள் எழுத வேண்டிய இடம் ஹெட்டைக் கடந்து போயிருக்கும். முழுச் சுற்று சுற்றி வரவேண்டும். ஆக வினாடிக்கு 120 முறை எழுதுவதுதான் உச்சம். 120 பெருக்கல் 4 கிலோபைட், 480. உங்கள் டிஸ்க் இயற்பியல் அனுமதிக்கும் அளவுக்கு ஒழுங்காகவே ஓடுகிறது. உங்களுக்குத் தேவை வினாடிக்கு 150 பிளாக், அதனால்தான் தேங்குகிறது.

ஆகவே ஓ_சிங்க்கை எடுத்துவிட்டு, 16 பிளாக்குகளைச் சேர்த்து 64 கிலோபைட்டாக ஒரே பிரைட், உடனே ஒரு எஃப்டேட்டாசிங்க் என்று மாற்றுங்கள். 64 பதிவுக்கு ஒரு ஃப்ளஷ். வினாடிக்கு ஒன்பது, பத்து வரும். ஒவ்வொன்றும் 10 மில்லிவினாடி எடுத்தாலும் டிஸ்க் பத்தில் ஒன்பது பங்கு நேரம் சும்மா இருக்கும். சேர்ந்துகொண்டிருக்கும் தொகுதியும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் தொகுதியும்தான் கரன்ட் போனால் பறிபோகக்கூடியவை: சுமார் பத்தில் ஒரு வினாடிப் பதிவுகள். தொகுதியை 1 மெகாபைட்டாக்கலாமே என்று தோன்றும், வேகமும் கூடும். ஆனால் சேர்ந்துகொண்டிருப்பதில் மட்டும் 1.7 வினாடிப் பதிவுகள் இருக்கும். எவ்வளவு இழப்பைத் தாங்கலாம் என்பதை மேலாளரிடம் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். 'எதுவும் போகக்கூடாது' என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள், எந்த டிஸ்க்கும் அதைத் தராது.

சேர்ப்பது ஒரு திரெட், எழுதுவது இன்னொரு திரெட் என்று பிரித்துவிடுங்கள். டிஸ்க் ஒரு செக்டரோடு மல்லுக்கட்டத் தொடங்கினால் ஒரு கட்டளை பல வினாடிகள் தொங்கும்; லினக்ஸ் இயல்பாக 30 வினாடிவரை பொறுத்திருக்கும். வினாடிக்கு 600 கிலோபைட் என்றால் அதற்குள் 18 மெகாபைட் சேர்ந்துவிடும். இடையில் 32 மெகாபைட் வளையப் பஃபர் ஒன்று வையுங்கள். பிரைட் எத்தனை பைட் எழுதியதாகச் சொல்கிறது, எஃப்டேட்டாசிங்க் என்ன திருப்புகிறது, இரண்டையும் ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

64 கிலோபைட் ஒரே அழைப்பில் போவதால் முழுதாக எழுதப்படும், இல்லாவிட்டால் ஒன்றுமே எழுதப்படாது என்று நம்பிவிடாதீர்கள். பாதியில் கரன்ட் போனால் 16 பிளாக்கில் எவை பதிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. வரிசையாகத்தான் பதியும் என்ற உறுதியும் இல்லை. நல்லவேளையாக உங்கள் பிளாக்கில் 4,000 பைட் போக 96 பைட் மிச்சம் இருக்கிறது. அதில் 8 பைட்டில் தொடர் எண்ணும், பிளாக் முழுவதற்கும் கணக்கிட்ட சிஆர்சி-32 (தரவு கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) ஒன்றும் வையுங்கள். கணினி திரும்ப எழும்பியதும் சிஆர்சி சரியாக இருக்கும் பிளாக்குகளை மட்டும் எடுத்து, தொடர் எண் எங்கே அறுபடுகிறதோ அங்கிருந்து எழுதத் தொடங்கினால் போதும்.

ஹெக்ஸ்டம்பில் பழையது தெரிவதற்குக் காரணம், நீங்கள் எஸ்டிபி1 என்ற பார்ட்டிஷனில் எழுதிக்கொண்டு எஸ்டிபி என்ற முழு டிஸ்க்கைப் படிப்பதாகத்தான் இருக்கும். லினக்ஸில் இரண்டுக்கும் தனித்தனி பேஜ் கேஷ். ஓ_டைரக்ட் எழுத்து, தான் எழுதும் பார்ட்டிஷனின் கேஷில் அந்த இடத்தைச் செல்லாததாக்கும்; முழு டிஸ்க்கின் கேஷைத் தொடாது. உங்கள் நிரல் பார்ட்டிஷனைத் திறந்து வைத்திருக்கும்வரை, முதல் ஹெக்ஸ்டம்ப் இழுத்துவந்த பக்கங்கள் அங்கேயே தங்கியிருக்கும். எழுதும் அதே பார்ட்டிஷனைப் படியுங்கள். அல்லது டிடி கட்டளையில் ஐஃப்ளாக் என்ற இடத்தில் டைரக்ட் கொடுத்து, அதன் வெளியீட்டை ஹெக்ஸ்டம்புக்கு விடுங்கள்.

புத்தகம் சொல்லும் ரா சாதனங்கள் 2001இல் வந்த 2.4 கெர்னல் காலத்தவை. ஒரு பிளாக் சாதனத்தை ரா கட்டளையால் கேரக்டர் சாதனம் ஒன்றோடு கட்டிவிட்டு அதன் வழியாக எழுதுவார்கள். அதே வரிசையில் 2.4.10இலேயே ஓ_டைரக்ட் வந்துவிட்டதால் அது தேவையற்றுப் போனது, 2021இல் 5.14 கெர்னலிலிருந்து அடியோடு நீக்கிவிட்டார்கள். தேடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எஸ்டிபி என்ற பெயரை நிரலில் எழுதிவைக்காதீர்கள். யாராவது யூஎஸ்பி டிஸ்க் ஒன்றைச் செருகிவிட்டுக் கணினியை மறுபடி ஏற்றினால் அந்தப் பெயர் வேறு டிஸ்க்குக்குப் போய்விடலாம். நேரடி எழுத்து அங்கிருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் மேலேயே எழுதிவிட்டுப் போகும். /டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடைவில் மாடலும் சீரியல் எண்ணும் கொண்ட பெயர் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். திறக்கும்போது ஓ_எக்ஸ்கிளையும் சேருங்கள்: மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க் என்றால் கெர்னல் 'பிசி' என்று சொல்லி மறுத்துவிடும்.

மாற்றியெழுதிய பிறகு கரன்ட் சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு எஃப்டேட்டாசிங்க்கும் வெற்றியாகத் திரும்பியதும், அந்தத் தொகுதியின் கடைசித் தொடர் எண்ணை நெட்வொர்க் வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பி அங்கே எழுதிவையுங்கள். பிறகு சுவர் பிளக்கையே பிடுங்க வேண்டும். ரீசெட் பொத்தான் உதவாது, டிஸ்க்குக்குக் கரன்ட் போய்க்கொண்டே இருப்பதால் அதன் டிராம் பிழைத்துக்கொள்ளும். மறுபடி ஏற்றியதும் மற்றக் கணினியில் உள்ள கடைசி எண்வரை எல்லாப் பிளாக்குகளும் சரியான சிஆர்சியோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு மேல் உள்ளவை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. அதற்குள் ஒரு எண் குறைந்தாலும் ஒன்று உங்கள் நிரல் ஃப்ளஷ் முடியுமுன் எண்ணை அனுப்புகிறது, அல்லது டிஸ்க் ஃப்ளஷ் செய்யாமலே செய்ததாகச் சொல்கிறது. ஹெச்டிபார்ம் கட்டளையால் ரைட் கேஷை அணைத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்தால் ஒரு துப்பு கிடைக்கும்: அணைத்தபின் பல தடவை பிடுங்கியும் எண் குறையவில்லை என்றால், நிரல் எஃப்டேட்டாசிங்க் திரும்பிய பிறகுதான் எண்ணை அனுப்புகிறது என்று உறுதியானபின் சந்தேகம் டிஸ்க்கின் மேல், அப்போதும் குறைந்தால் முதலில் நிரலைப் பாருங்கள்.