அம்மாவுக்குச் சென்னையில் முதியோர் இல்லம்: செலவு கட்டுப்படியாகுமா?

பெங்களூரில் வேலை, சென்னையில் 76 வயது அம்மா தனியாக, சர்க்கரை, மூட்டுவலி. இல்லத்தில் சேர்த்தால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். என் மாமியாருக்காக நான்கைந்து இடம் ஏறி இறங்கியவன் நான். முதலில் சொல்லும் மாதத் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாங்கள் பார்த்த இடங்களில் அது அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான். உதவியாளர், டயப்பர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குத் துணை எல்லாம் தனி பில். முன்பணத்தில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அடி விழுந்தது அதில்தான்.

அப்புறம், அம்மா நடமாடுகிறார் என்றால் இப்போதே இல்லம் எதற்கு? தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் உண்டு. கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடுங்கள். மற்ற விவரங்களுக்கு முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணமில்லை.

சரி, இல்லம்தான் என்று முடிவானால் முதலில் 15 நாள் தங்க வைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்க வேண்டுமே! அம்மாவின் வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால், அதை மட்டும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.