30 பாட் வைத்தியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவத்தை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் தாய்லாந்தைத்தான் காட்டுகிறார்கள். அது '30 பாட்டுக்கு வைத்தியம்' (பாட் அவர்கள் நாணயம்) என்று அந்நாட்டு அரசியல்வாதி தக்சின் ஓட்டுக்காகச் சொன்னதுதானே? இதில் உரிமை எங்கே வந்தது?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

ஓட்டுக்காகத்தான் சொன்னார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உரிமை அதற்கு முன்பே வந்துவிட்டது. எல்லோருக்கும் சமமான மருத்துவம், ஏழைகளுக்கு இலவசம் என்று 1997 அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். எழுதி நாலு வருஷம் ஆகியும் கிட்டத்தட்ட 30 சதவீதம் பேர் எந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இல்லை.

தக்சின் ஜெயித்த 2001 தேர்தலுக்கு அப்புறம் மாறியது பணம் போகிற வழி. முன்பெல்லாம் கட்டிடமும் ஊழியரும் எங்கே அதிகமோ அங்கே பணம் போகும், அதாவது பாங்காக் பக்கம். புதுக் கணக்கில் ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்களோ அத்தனை தலைக்கும் வருஷத்துக்கு 1,202 பாட், அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும். ஆள் அதிகம், டாக்டர் குறைவு என்று கிடந்த வடகிழக்குப் பக்கம் காசு திரும்ப, பெரிய ஆஸ்பத்திரிகள் சும்மா இருக்குமா? சண்டை போட்டு ஊழியர் சம்பளத்தை இந்தத் தலைக்கணக்கிலிருந்து ஓரளவு பிரித்துத் தனியாக வாங்கிக்கொண்டன. 30 பாட் கட்டணத்தை 2006-ல் எடுத்தேவிட்டார்கள், திட்டம் அசையவில்லை.

இன்னொன்று, திட்டத்தை வடிவமைத்த சங்குவான் நித்தயாரம்போங், சிசகேத் மாகாணத்தில் கிராமத்து டாக்டராக இருந்தவர். எண்பதுகளிலேயே நகரத்து ஆஸ்பத்திரிகளுக்கான முதலீட்டை நிறுத்திவைத்து மாவட்ட ஆஸ்பத்திரிகளைக் கட்டியிருந்தார்கள். போய் நிற்க ஒரு வாசல் இருந்தது, அதனால்தான் திட்டத்தின் அட்டைக்கு மதிப்பு. (நம் ஊரில் அட்டையை முதலில் அடித்துவிடுவோம்.)

உரிமை எங்கே என்று கேட்டீர்களே, சிறுநீரக நோயாளிகளைப் பாருங்கள். செலவு தாங்காது என்று டயாலிசிஸை (சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிற சிகிச்சை) முதலில் திட்டத்தில் சேர்க்கவில்லை. 'எல்லோருக்கும் என்றீர்களே, எங்களுக்கு?' என்று நோயாளிகள் கேட்க சாசனத்தில் எழுதிய அந்த உரிமை இடம் கொடுத்தது, 2008-ல் சேர்த்தார்கள். அதிலும் மெஷின் இல்லாமல், வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கிற முறைக்கே முதலிடம். மெஷினும் நர்சும் இல்லாத கிராமத்துக்கு அதுதான் எட்டும்; திரவப் பைகள் பெட்டி பெட்டியாகத் தபாலில் வீடு வந்து சேரும். 2022-ல் எது வேண்டுமோ நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டார்கள். மெஷினுக்குக் கூட்டம் ஏறியது, கூடவே செலவும்.