துலோ வீடுங்களப் பாக்க ஒரு நாள் போதுமா?

சீனாவுல ஷியாமென்ல வேலைக்கு வந்திருக்கேன், துலோன்னு சொல்ற, மண்ணால கட்டின அந்த வட்ட வட்ட வீடுங்களப் பாத்துட்டு ஒரே நாள்ல திரும்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. திரும்பிடலாம், ஆனா ராத்திரி தங்கலன்னா போட்டோ மட்டும்தான் மிஞ்சும்.

மொதல்ல டிக்கெட். நீங்க எறங்க வேண்டியது ஷியாமென் இருக்கிற ஃபூஜியான் மாகாணத்துலயே இருக்கிற குட்டி நான்ஜிங். பெரிய நான்ஜிங் வடக்க எங்கேயோ இருக்கு, சீன எழுத்து வேற வேற ஆனா ஆப்ல இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே ஸ்பெல்லிங், நான் தப்பா புக் பண்ணி கேன்சல் பண்ணவன், அதான் சொல்றேன்.

தியான்லுவோகெங் கிராமத்து வீடுங்கள மலை மேல நின்னு பாத்தா நடுவுல ஒரு சதுரம், சுத்தி மூணு வட்டம், ஒரு முட்டை வடிவம். உள்ளூர்க்காரங்க 'நாலு பதார்த்தம் ஒரு சூப்பு'ன்னு கிண்டலா சொல்றாங்க. யூச்சாங்லோங்கிற துலோ 1308ல கட்டினதாம், உள்ள தூணெல்லாம் கோணல்மாணலா சாஞ்சு நிக்குது, அண்ணாந்து பாத்தா நமக்குத்தான் தல சுத்தும். 2008ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்த 46 வீட்டுல தியான்லுவோகெங் வீடுங்க அஞ்சும் வருது. டைம் இருந்தா 1709ல முடிச்ச செங்சிலோவையும் பாருங்க, வட்டத்துக்குள்ள வட்டமா நாலு வளையம்.

எனக்குப் பிடிச்சது பாகம் பிரிச்ச விதம்தான். பூசணிக்காய கீத்து போடுற மாதிரி, மேலருந்து கீழ வரைக்கும் ஒரு கீத்து ஒரு குடும்பத்துக்கு. கீழ அடுப்படி, அதுக்கு மேல நெல்லு, அதுக்கும் மேல படுக்கை. கொள்ளக்காரங்க பயத்துல கீழ் ரெண்டு மாடிக்கு வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது, செவரு ஒரு மீட்டருக்கு மேல தடிமன், பெரும்பாலும் இருக்கிறது ஒரே ஒரு பெரிய வாசல்.

நாங்க தங்கினது பேரு தெரியாத ஒரு சின்ன துலோ, மூணாவது மாடி. டூரிஸ்ட் கூட்டம் போனப்புறம் முற்றத்துல ஒரு பாட்டி மூங்கில் குருத்து உரிக்கிற சத்தம் அவ்ளோ தெளிவா கேக்குது, எதிர்ப்பக்கம் யாரோ இருமினா பக்கத்துல இருமுற மாதிரி இருக்கு. படுக்கப் போறப்ப அந்தப் பாட்டி மூடி போட்ட ஒரு பக்கெட்ட கையில குடுத்து என்னமோ சொன்னாங்க, துணி ஊற வைக்கன்னு நெனச்சு ஓரமா வெச்சுட்டேன். கக்கூஸ் பெரிய வாசலுக்கு வெளிய இருக்குன்னும், அந்த வாசல ராத்திரி சாத்திடுவாங்கன்னும் ரெண்டு மணிக்குத்தான் புரிஞ்சுது.