தைராய்டு மாத்திரையைத் தினமும் போட்டும் டிஎஸ்எச் குறையவில்லையே, ஏன்?

டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; உடலில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது கூடும். டோஸ் போதவில்லை என்று முடிவுகட்டும் முன், மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். பல நேரம் சிக்கல் காலை காபியில்தான். மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் என்ற மருந்து சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. காபியோ சாப்பாடோ கூடவே போனால் அந்த அளவு குறைந்துவிடும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள். காலையில் இது நடக்காது என்றால், இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் இன்னும் மோசம். அவை தைராக்ஸினோடு ஒட்டிக்கொண்டு உடலில் சேரவிடாது. 4 மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையைத் தினமும் போட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் புதிய டோஸின் அளவு ரத்தத்தில் நிலைபெறப் பல வாரம் பிடிக்கும்; டோஸை மாற்றி இரண்டே வாரத்தில் டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு. 6 முதல் 8 வாரம் பொறுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள், டெஸ்டுக்கு 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் ரிப்போர்ட்டே தப்பாக வரலாம்.

நீங்களாக டோஸைக் கூட்டாதீர்கள். படபடப்பு வரும், நாளடைவில் எலும்பும் தேயும். கர்ப்பம் உறுதியானால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். அப்போது டோஸை உயர்த்த வேண்டியிருக்கும்.