மருந்துச்சீட்டு இருக்கிறது, மருந்துதான் இல்லை

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய கவுண்டியில் இருக்கிறோம். தம்பி ஃபென்டனில் என்ற கடுமையான ஓபியாய்டு போதை மருந்துக்கு அடிமை. இந்த அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெதடோன் மருந்து கிடைக்கும் மையத்துக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும். இன்னொரு சிகிச்சை மருந்தான பூப்ரெனார்பினை டாக்டர் எழுதித் தந்தும் மருந்துக்கடையில் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். என்ன வழி?

பதில்: அடிமைத்தனத்துக்கான மெதடோனை அங்கே மருந்துக்கடை தர முடியாது, உரிமம் பெற்ற மையம்தான் தரலாம். தொடக்கத்தில் அடிக்கடி, பல இடங்களில் தினமுமே போக வேண்டும். ஆகவே உங்கள் தூரத்துக்கு பூப்ரெனார்பின்தான் தோது.  கிராமப்புறத்தில் இரண்டுமே அரிது.

பூப்ரெனார்பினை எழுத டாக்டருக்கு முன்பு தனி அனுமதி தேவைப்பட்டது. 2022 டிசம்பர் இறுதியில் அது ரத்தானது. ஆனாலும் கடைகள் தயங்குகின்றன: மொத்த விற்பனையாளர்கள் கட்டுப்பாட்டு மருந்துகளின் அளவைக் கண்காணிப்பதால், ஆர்டர் கூடினால் விசாரணை வருமோ என்ற பயம். தொலைவில் உள்ள டாக்டரின் சீட்டு என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

அதனால் சீட்டு போகும் முன்பே கடைகளுக்குப் போன் செய்யுங்கள். "இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று முடித்துவிடுவார்கள். 8/2 மில்லிகிராமில் (8 பூப்ரெனார்பின், அதோடு 2 நலாக்சோன் என்ற துணை மருந்து) மாத்திரையா, நாக்கடியில் கரையும் ஃபிலிமா, எத்தனை இருக்கிறது, புது நோயாளிக்குத் தருவீர்களா, ஆர்டர் போட்டால் என்றைக்கு வரும் என்று கேளுங்கள். காப்பீடு எந்த வடிவத்துக்குப் பணம் தரும் என்பதையும் பார்த்து, அதன்படி சீட்டை அனுப்பச் சொல்லுங்கள். இடையில் சிக்கினால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூன்று நாள் மருந்தைக் கையிலேயே தர அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது.

மருந்து கைக்கு வந்ததும் அவசரப்பட வேண்டாம். உடலில் ஃபென்டனில் இருக்கும்போதே போட்டால், பூப்ரெனார்பின் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கடும் வாந்தி, நடுக்கம் வரும். 12 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு, ஃபென்டனிலுக்கு 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். கடிகாரத்தைவிட உடம்பைப் பாருங்கள்: கண்மணி விரிவது, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் போன்ற அறிகுறிகள் தெரிந்த பிறகே தொடங்குங்கள். முதல் வேளை பொதுவாக 2 முதல் 4 மில்லிகிராம். நாக்குக்கு அடியில் முழுதாகக் கரையட்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீண். கரைந்தபின் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்கலாம். நாளுக்கு 16 மில்லிகிராமிலும் ஏக்கம் அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். 24 வரை தேவைப்படுபவர்கள் உண்டு.

ஓபியாய்டு அளவு மீறினால் அதை முறிக்கும் நலாக்சோன் 4 மில்லிகிராம் மூக்கு ஸ்பிரேயை இன்றே வாங்கி வையுங்கள்; 2023 முதல் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. மருந்து தீர்ந்து பழையபடி ஃபென்டனிலுக்குத் திரும்பும் நாள்தான் உயிருக்கு ஆபத்தான நாள்.